நாய்க்கடி ஊசி பாலில் இறங்குமா?

கேள்வி இது: "குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது, தாய்ப்பால் மட்டும்தான். முந்தாநாள் தெருநாய் கணுக்காலில் கடித்து ரத்தம் வந்தது. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போனேன். கடித்த இடத்தைச் சுற்றி ஊசி போட்டு, இரண்டு கையிலும் ஒவ்வொரு ஊசி போட்டார்கள். எல்லா ஊசியும் முடிகிற வரை பால் கொடுக்காதே, மருந்து பாலில் இறங்கும் என்கிறார் மாமியார். பவுடர் பால் டப்பாவும் வாங்கி வைத்தாயிற்று. அடுத்த வாரம் குழந்தைக்கும் தடுப்பூசி இருக்கிறது. என்ன செய்வது?"

பால் கொடுங்கள். இதைப் படிக்கும்போதே குழந்தை அழுதால் போனைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கொடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். உங்களுக்கு மிச்சமிருக்கும் ஊசிகளை ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு கையிலும் தோலுக்குள் போடும் அந்த முறையில் 0, 3, 7, 28 என்று நாள் கணக்கு. முந்தாநாள் போட்டதுதான் 0-ம் நாள் என்றால் நாளைக்கு உங்களுக்கு இரண்டாவது தவணை. சீட்டை எடுத்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தனியார் மருத்துவமனைகளில் பெரும்பாலும் தசையில் போடுவார்கள், அதற்கு 0, 3, 7, 14, 28 என ஐந்து தவணை. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் தொடங்கிய முறையிலேயே முடிப்பது குழப்பமில்லாதது.

உங்கள் மாமியாரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் வயதுக்காரர்கள் பார்த்த நாய்க்கடி ஊசியே வேறு. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஆட்டின் மூளையில் வெறிநோய்க் கிருமியை வளர்த்து, கொன்று, அந்த மூளைத் திசுவோடு சேர்த்தே போட்ட மருந்து. 1907-ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலிருந்துதான் தென்னிந்தியாவில் பல ஊர்களுக்கு அது போனது. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய மருந்துதான். ஆனால் வயிறு வீங்கும், காய்ச்சல் வரும், சிலருக்கு நரம்பு பாதித்துக் கைகால் விளங்காமலும் போனது. "ஊசி முடிகிற வரை கறி மீன் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது" என்ற பத்தியமெல்லாம் அந்தக் காலத்து அச்சத்தோடு சேர்ந்து வந்தவை. பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்கு அது எவ்வளவு பயமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த மருந்தை 2004-ம் ஆண்டோடு இந்தியாவில் நிறுத்திவிட்டார்கள்.

இப்போது உங்களுக்குப் போடுவது ஆய்வுக்கூடத்துச் செல்லில் வளர்த்து, கொன்று, சுத்திகரித்த கிருமி. மூளைத் திசு கிடையாது. அளவையும் பாருங்கள்: ஒரு கைக்கு 0.1 மில்லி, ஒரு தவணைக்கு 0.2 மில்லி. நாலு சொட்டுதான். நாலு தவணையையும் சேர்த்தாலும் ஒரு டீஸ்பூனில் ஆறில் ஒரு பங்கு வராது. பத்தியமும் வேண்டாம்; பாலூட்டும்போது வழக்கமாக என்ன சாப்பிடுவீர்களோ அதையே சாப்பிடுங்கள்.

"பாலில் இறங்குமா?" என்று கேட்பதே தப்பில்லை. மாத்திரை மருந்துக்கு அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மாத்திரை குடலில் கரைந்து ரத்தத்தில் கலக்கிறது. பால் சுரப்பது ரத்தத்திலிருந்து வரும் சத்துகளை எடுத்துத்தான். அதனால் பல மருந்துகள் கொஞ்சமாவது பாலில் வரும். சிலவற்றைத் தவிர்க்கவும் வேண்டும். தடுப்பூசி அப்படி ரத்தத்தில் சுற்றிச் சுற்றி வேலை செய்கிற பொருள் அல்ல. போட்ட இடத்திலேயே உடம்பின் காவல் செல்கள் அதைப் பிடித்து, துண்டாக்கி, அக்குள் நெறிக்கட்டிகளுக்குக் கொண்டுபோய்க் காட்டுகின்றன. "இந்த ஆள் வந்தால் விடாதே" என்று போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ ஒட்டுகிற மாதிரி. செத்த கிருமி பெருகவும் முடியாது. ஒன்றிரண்டு துணுக்குகள் தப்பித்துப் பாலுக்கு வந்தாலும் அவை வெறும் புரதம், குழந்தையின் வயிற்றில் செரித்துவிடும். பாலுக்குப் போவது என்னவென்றால், அந்தப் போட்டோவைப் பார்த்து உங்கள் உடம்பு தயாரிக்கிற எதிர்ப்புப் பொருள்தான். அது போகட்டும், நல்லதுதான்.

கடித்த இடத்தைச் சுற்றிப் போட்டது இம்யூனோகுளோபுலின். அது தடுப்பூசி அல்ல, ஏற்கெனவே தயாரான எதிர்ப்புப் பொருள். தடுப்பூசி வேலை செய்ய ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதுவரை காயத்திலேயே கிருமியை மடக்கி வைக்க இது. தாய்ப்பாலில் இயற்கையாகவே இருப்பதும் இதே வகைப் பொருள்தான். கர்ப்பிணி, பாலூட்டுபவர், பச்சைக் குழந்தை என யாருக்கும் வெறிநாய்க்கடி ஊசிக்குத் தடை இல்லை. காரணம் எளிது: அந்த நோய் வந்தபின் பிழைத்தவர்கள் உலகத்திலேயே மிக மிக அரிது. ஊசிக்குப் பயந்து நின்றால் எதிரே நிற்பது அதுதான்.

இன்னொன்று கேட்க வேண்டும். அந்த நாய் குழந்தையையும் நக்கியதா, நகத்தால் கீறியதா? தொட்டிலில் படுத்திருந்த பிள்ளையை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். உடைகளைக் கழற்றி ஒருமுறை உடம்பு முழுக்கப் பாருங்கள். கீறல் இருந்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். இந்த ஊசிக்குக் குறைந்தபட்ச வயது என்று ஒன்று கிடையாது. உங்கள் காயத்திலும் மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள்.

சரி, 28 நாள் பாலை நிறுத்தினால் என்ன நடக்கும்? முதல் இரண்டு நாளில் மார்பு கல் மாதிரி கட்டிக்கொள்ளும். கட்டினால் சீழ் பிடிக்கவும் வாய்ப்புண்டு. பிறகு பால் வற்றத் தொடங்கும். பாட்டில் காம்புக்குப் பழகிய பிள்ளை திரும்ப மார்பைப் பிடிக்க அடம் பிடிக்கும். பாட்டிலைச் சரியாகக் கொதிக்க வைக்காத வீட்டில் வயிற்றுப்போக்கு எளிதில் வரும். குழந்தை மருத்துவ வார்டில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டேன். தாய்க்குப் போட்ட சாதாரணத் தடுப்பூசி பாலில் இறங்கி நோயில் விழுந்த குழந்தையை ஒன்றுகூட நான் பார்த்ததில்லை. பாலை நிறுத்தியதால் நீர் வற்றி, கண் உள்ளே போய், உச்சிக்குழி அமுங்கி வந்த குழந்தைகளை எண்ணி முடியாது.

ஊசி போட்ட பிறகு உங்களுக்குக் கை வலிக்கலாம், லேசாகக் காய்ச்சல் அடிக்கலாம். பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம், பாலூட்டும்போது பாதுகாப்பானது. இபுபுரூபனும் சரிதான். ஆஸ்பிரின் வேண்டாம். அக்குளில் நெல்லிக்காய் அளவு கட்டி தென்பட்டால், ஊசி போட்ட பக்கத்து நெறிக்கட்டியாக இருக்கலாம், பால் கட்டி என்று பயப்பட வேண்டாம். சில வாரத்தில் தானாக வடியும், வடியாவிட்டால் காட்டுங்கள். ஆனால் ஒரு பக்க மார்பு மட்டும் சிவந்து, சூடாகி, தொட்டாலே உயிர் போகிற வலியும் குளிர்காய்ச்சலும் வந்தால் அது ஊசியின் வேலை இல்லை, மார்பு அழற்சி. "ஊசிக் காய்ச்சல்தானே" என்று விட்டுவிட்டு மூன்று நாள் கழித்துச் சீழோடு வருகிறவர்கள் உண்டு. அந்தப் பக்கமும் பால் கொடுத்துக்கொண்டே மருத்துவரைப் பாருங்கள். பால் வெளியேறுவது சிகிச்சையில் ஒரு பகுதி.

இந்தப் பயம் இப்போது இவ்வளவு பரவியிருப்பதற்குக் கொரோனா காலமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 2021 ஜனவரி 16-ல் தடுப்பூசி தொடங்கியபோது கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் வேண்டாம் என்றுதான் அரசு சொன்னது. ஆபத்து என்று கண்டுபிடித்துச் சொன்னதல்ல. சோதனைகளில் அவர்களைச் சேர்க்கவே இல்லை, அதனால் கையில் விவரம் இல்லை. "தெரியாது" என்று சொன்னது ஊருக்குள் வரும்போது "கூடாது" ஆகிவிட்டது. கைக்குழந்தை வைத்திருந்த செவிலியர்கள் கோவிட் வார்டில் வேலை செய்துகொண்டு, ஊசி மட்டும் போட முடியாமல் இருந்தார்கள். இந்தக் கொடுமையை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. மே 19-ம் தேதி, பாலூட்டும் தாய்மார் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் மாற்றியது. கர்ப்பிணிகளுக்கு ஜூலையில்தான் அனுமதி கிடைத்தது. நாலு மாதத்தில் ஊன்றிய சந்தேகம் நாலு வருடம் ஆகியும் போகவில்லை.

அதற்குள் ஆய்வுகளும் வந்தன. இஸ்ரேலில் ஊசி போட்ட 84 தாய்மாரின் பாலை வாரவாரம் சோதித்தபோது, இரண்டே வாரத்தில் கொரோனாவுக்கான எதிர்ப்புப் பொருள் பாலில் ஏறியிருந்தது. அமெரிக்காவில் 11 பேரைச் சோதித்ததில் 5 பேரின் பாலில், ஊசி போட்ட முதல் இரண்டு நாளுக்குள், அந்த ஊசியில் இருந்த எம்ஆர்என்ஏ என்ற மரபுப்பொருளின் துகள் கிடைத்தது. மிக மிகக் கொஞ்சம்தான். இதைப் பிடித்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் ஒரு ஆட்டம் ஆடினார்கள். பொய் இல்லை, கிடைத்தது உண்மைதான். குழந்தைகளுக்கு அதனால் ஏதும் ஆகவில்லை என்பதும் உண்மை. நம் ஊரில் பெரும்பாலோர் போட்டது கோவிஷீல்டும் கோவாக்சினும். இரண்டும் எம்ஆர்என்ஏ வகையே அல்ல.

எந்த ஊசியும் பாலைத் தொடாது என்று மொத்தமாக அடித்துச் சொல்ல மாட்டேன். உயிருள்ள, வலுவிழக்கச் செய்த கிருமியைக் கொண்ட ஊசிகள் உண்டு. அவை உடம்பில் கொஞ்சம் பெருகித்தான் வேலை செய்யும். அவற்றில் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. மஞ்சள் காமாலை அல்ல. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவில் கொசுவால் வரும் வேறு நோய். 2009-ல் பிரேசிலின் தெற்கே ரியோ கிராண்டி டோ சுல் மாநிலத்தில், பிரசவித்து 15 நாளான ஒரு தாய்க்கு இந்த ஊசியைப் போட்டார்கள். எட்டு நாளில் குழந்தைக்குக் காய்ச்சல், வலிப்பு. தண்டுவட நீரைச் சோதித்தபோது இருந்தது தடுப்பூசியில் உள்ள அதே வைரஸ். குழந்தை தேறிவிட்டது. பிறகும் இப்படிப் பதிவானவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான், எல்லாமே ஒரு மாதம் நிறையாத சிசுக்கள். ஆனாலும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டும் தாய் இந்த ஊசியைத் தள்ளிப்போடுவதே நல்லது.

நைஜீரியாவிலோ கென்யாவிலோ கணவர் வேலையில் இருக்கிறார், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று கேட்கிறவர்கள் சென்னையில் உண்டு. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போடும்போது பாலூட்டுவதைக் கட்டாயம் சொல்லுங்கள். முடிந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அந்த ஊசி போடவே கூடாது என்பதால் அங்கே பிள்ளைக்கும் பாதுகாப்பு இல்லை. தவிர்க்கவே முடியாத நிலை என்றால் பிரேசிலில் சொல்வது போல 10 நாள் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சுரப்பு வற்றாமல் பார்த்துக்கொண்டு, பிறகு மறுபடி கொடுக்கலாம். முன்பே பீய்ச்சி ஃப்ரீசரில் வைத்திருந்தால் அந்தப் பத்து நாளும் அதையே கொடுக்கலாம். இவ்வளவு கதையும் இந்த ஒரு ஊசிக்கு மட்டும். பழைய பெரியம்மை ஊசியும் பாலூட்டுபவர்களுக்கு ஆகாது. அங்கே பிரச்சினை பால் அல்ல, கையில் கிளம்பும் கொப்புளத்தைக் குழந்தை தொட்டால் ஒட்டிக்கொள்ளும். பொதுமக்களுக்கு அந்த ஊசியை இப்போது யாரும் போடுவதில்லை.

உயிருள்ள கிருமி என்றதும் ரூபெல்லா ஊசியையும் பயந்து ஒதுக்கிவிடாதீர்கள். அதன் வைரஸ் பாலில் வந்திருக்கிறது, சில குழந்தைகளிடம் ரத்தப் பரிசோதனையில்கூடத் தெரிந்திருக்கிறது. ஆனால் அவர்களுக்கு நோய் வரவில்லை, வந்தாலும் லேசாக வந்து போனது. கர்ப்பத்தின்போது ரூபெல்லாவுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தவர்களுக்கு அதைப் போடச் சரியான நேரமே பிரசவம் முடிந்து வீடு திரும்பும் முன்புதான். கர்ப்பமாக இருக்கும்போது போட முடியாது, வீட்டுக்குப் போய்விட்டால் அடுத்த கர்ப்பம் வரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. போட்டபின் ஒரு மாதம் கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 2017-ல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப் வதந்தியால் எத்தனை பெற்றோர் பயந்து பின்வாங்கினார்கள் என்பது பலருக்கு ஞாபகம் இருக்கும். சின்னம்மை ஊசி, ஃப்ளூ ஊசி, டெட்டனஸ், மஞ்சள் காமாலை பி, கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி, டைபாய்டு ஊசி எல்லாமே பாலூட்டும்போது போட்டுக்கொள்ளலாம்.

இனி அடுத்த வாரம் குழந்தைக்குப் போடும் 14 வாரத் தடுப்பூசிக்கு வருவோம். உங்கள் ஊசிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒரே நாளில் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் போட்டாலும் ஒன்றையொன்று கெடுக்காது. போலியோ சொட்டும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா மருந்தும் வாயில், ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டாவும் நிமோனியா ஊசியும் தொடைக்கு ஒன்று, போலியோ ஊசி வலது கையில் தோலுக்குள் என்று அன்றைக்குப் பிள்ளைக்கு நிறைய வேலை. மூன்று குத்து என்றதும் தாயின் கண்தான் முதலில் கலங்கும்.

சொட்டு மருந்து கொடுத்ததும் அரை மணி நேரம் பால் கொடுக்காதே என்று பல இடங்களில் இன்னும் சொல்கிறார்கள். தேவையில்லை. அதன் பின்னே ஒரு நியாயமான சந்தேகம் இருந்தது என்பது உண்மை. வெவ்வேறு நாட்டுத் தாய்மாரின் பாலை ஒப்பிட்டபோது, இந்தியத் தாய்மாரின் பாலில்தான் ரோட்டா வைரஸுக்கு எதிரான சக்தி அதிகம் இருந்தது. அந்தப் பால் போய்ச் சொட்டு மருந்தையே அடித்துவிடுமோ என்று ஆய்வாளர்கள் யோசித்தார்கள். டில்லியில் சோதித்தும் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு மருந்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் பாலை நிறுத்தினார்கள், இன்னொரு பிரிவுக்கு உடனே கொடுக்கச் சொன்னார்கள். பலன் இரண்டு பக்கமும் ஒன்றுதான். பசியில் அழும் பிள்ளையைக் கடிகாரம் பார்த்துப் பட்டினி போட வேண்டாம்.

பால் கொடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. முதலில் சொட்டு மருந்தைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, ஊசி போடும்போது குழந்தையை மார்பில் வைத்துக்கொள்ளுங்கள். வலி குறைய எளிதான வழி இதுதான், உலக சுகாதார நிறுவனமே 2015-ல் இதைப் பரிந்துரைத்தது. கூட்டமான இடத்தில் செவிலியர் "அப்புறம் கொடும்மா" என்று சொன்னால் கோபப்பட வேண்டாம், குத்தி முடித்த நொடியில் கொடுங்கள். பென்டாவில் கக்குவான் இருமல் பகுதி இருப்பதால் அன்று இரவு காய்ச்சல் வருவது வழக்கம். குழந்தைக்கான பாராசிட்டமாலை எடைக்கு ஏற்பக் கணக்கிட்டு எழுதித் தருவார்கள். உங்கள் மாத்திரையை உடைத்துக் கரைத்துக் கொடுக்கக் கூடாது. தொடை வீங்கினால் எதையும் தடவ வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். மூன்று மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் அழுதால், வலிப்பு வந்தால், துவண்டுபோய்ப் பால் குடிக்க மறுத்தால் உடனே மருத்துவமனை. ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள் என்று சொல்வதும் ஒப்புக்கு அல்ல, கடும் ஒவ்வாமை வந்தால் அந்த நேரத்துக்குள்தான் பெரும்பாலும் வரும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இதைப் படிக்கிற வேறு யாருக்காவது உதவும். தாய்க்கு மஞ்சள் காமாலை பி இருந்தாலும் பால் கொடுக்கலாம். பிறந்த குழந்தைக்கு முதல் ஊசியையும் இம்யூனோகுளோபுலினையும் 12 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், நிபந்தனை அதுதான். காம்பு வெடித்து ரத்தம் வந்தால் மட்டும் ஆறும்வரை அந்தப் பக்கம் கொடுக்க வேண்டாம். அடுத்து, மூட்டுவாதத்துக்கோ குடல் அழற்சிக்கோ கர்ப்ப காலத்தில் இன்ஃப்ளிக்சிமாப் போன்ற, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ஊசி போட்டுக்கொண்டவர்கள் பிரசவத்தின்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். அந்த மருந்து பாலில் அல்ல, தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய் மாதக்கணக்கில் தங்கும். அப்படிப்பட்ட குழந்தைக்கு, உயிருள்ள கிருமியைக் கொண்ட காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்டு உயிரே போன சம்பவம் பிரிட்டனில் பதிவாகியிருக்கிறது. பிசிஜியைத் தள்ளிப்போடச் சொல்வார்கள்.

நாளைக்குப் போகும்போது பழைய சீட்டையும் குழந்தையின் தடுப்பூசி அட்டையையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். "பால் கொடுக்கலாமா?" என்று அவரையே மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். நான் எழுதுவதை நீங்கள் படித்துக் காட்டுவதைவிட அவர் காதால் கேட்பது வீட்டில் செல்லும். அந்தப் பவுடர் டப்பாவைப் பிரிக்காமல் வைத்திருந்தால் பில்லோடு கடையில் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள், சில கடைகளில் வாங்கிக்கொள்கிறார்கள்.